மிகை கொஞ்சம்தான், விலை ஏன் இவ்வளவு சரிகிறது?

வாசகர் கேள்வி:

நெளிவுத்தாள் அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறிய ஆலை ஒன்றை நடத்துகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பெட்டிகளுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்தது. ஆர்டர் கொடுத்தவர்கள் ஆறு வாரம் காத்திருந்தார்கள். அந்த நம்பிக்கையில் கடன் வாங்கி இரண்டாவது இயந்திரத்தை நிறுவினேன். இதே தொழிலில் இருக்கும் இன்னும் நான்கைந்து பேரும் அதையே செய்தார்கள். அன்று 100 என்று விற்ற பெட்டியை இன்று 68க்குக் கேட்கிறார்கள். நான் விசாரித்த வரையில், சந்தையில் மிகையாக இருப்பது நூற்றுக்கு ஐந்தாறு பங்குக்கு மேல் இராது. இவ்வளவு சிறிய மிகைக்கு விலை மூன்றில் ஒரு பங்கு சரிவது எப்படி? கிடங்கில் இருக்கும் ஆறு வாரச் சரக்கை விலை ஏறும்வரை வைத்திருப்பதா, கிடைத்த விலைக்கு விற்றுவிடுவதா? இயந்திரத்தை நிறுத்தினால் நட்டம் குறையுமா? இதற்கிடையில், மூடப்படவிருக்கும் ஓர் ஆலையின் இயந்திரம் பாதி விலைக்கும் கீழே வருகிறது. அதை வாங்கலாமா?

ஆலோசகர் பதில்:

மதிப்புக்குரிய வாசகருக்கு,

நூற்றுக்கு ஐந்தாறு பங்கு மிகைக்கு நூற்றுக்கு முப்பத்திரண்டு பங்கு விலைச்சரிவு என்பது உங்களுக்குப் புதிராகத் தோன்றுகிறது. ஆனால் இந்தக் கணக்கு வழக்கத்துக்கு மாறானதன்று, மிகப் பழையதும்கூட. 1699இல் இங்கிலாந்தில் சார்லஸ் டாவனன்ட் வெளியிட்ட நூலொன்றில், தானிய விளைச்சல் வழக்கமான அளவைவிட 10 சதவீதம் குறைந்தால் விலை 30 சதவீதம் ஏறும் என்றும், 20 சதவீதம் குறைந்தால் 80 சதவீதம் ஏறும் என்றும், பாதியாகக் குறைந்தால் 450 சதவீதம் ஏறும் என்றும் ஒரு பட்டியல் இருக்கிறது. கிரகரி கிங் என்பவரின் பெயரால் இன்றும் வழங்கிவரும் அந்தப் பட்டியல் தட்டுப்பாட்டைப் பற்றியது. அதையே தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் உங்கள் நிலைமை தெரியும். அளவில் ஏற்படும் சிறு மாற்றத்துக்கு விலை பல மடங்காக எதிர்வினை செய்யும் பண்டங்கள் சில உண்டு. வாங்குவோர் விலை குறைந்தது என்பதற்காகக் கூடுதலாக வாங்கவும் மாட்டார்கள், ஏறியது என்பதற்காக வாங்காமல் இருக்கவும் மாட்டார்கள் என்ற பண்டங்கள் அவை.

அண்மைக் காலத்தில் இதைக் கச்சா எண்ணெயில் உலகமே பார்த்தது. 2014ஆம் ஆண்டின் நடுவில் பீப்பாய்க்கு 110 டாலரைத் தாண்டியிருந்த விலை, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. அந்த இடைவெளியில் சந்தையில் மிகையாக இருந்த எண்ணெய், உலகின் அன்றாட உற்பத்தியில் ஏறத்தாழ 2 சதவீதந்தான். மிச்சமிருந்த 98 சதவீதத்துக்கும் அன்றாடம் வாங்குவோர் இருந்தார்கள். ஆனாலும் அந்த 98க்கும் சேர்த்தே விலை சரிந்தது.

உங்கள் பண்டம் இந்த வகையில் எண்ணெயைவிடவும் பிடிவாதமானது. அட்டைப்பெட்டியை அட்டைப்பெட்டிக்காக யாரும் வாங்குவதில்லை. உள்ளே வைக்கும் பொருள் விற்றால்தான் பெட்டிக்குத் தேவை பிறக்கிறது. பொருளியல் பாடத்தில் இதற்குப் பெறப்பட்ட தேவை என்று பெயர். ஒரு மின்விசிறி செய்பவர் மாதம் 10,000 விசிறி அனுப்பினால் அவருக்கு 10,000 பெட்டி வேண்டும், சேதத்துக்கென இன்னும் இருநூறு, முந்நூறு வேண்டும், அவ்வளவுதான். பெட்டியின் விலை பாதியாகிவிட்டது என்பதற்காக ஒரு விசிறியை இரண்டு பெட்டிக்குள் வைத்து அனுப்பப்போவதில்லை. விசிறியின் மொத்த விலையில் பெட்டிக்கு ஆவது மிகச் சிறு பங்கு என்பதால், மலிந்த பெட்டியைக் கொண்டு விசிறியின் விலையைக் குறைத்துக் கூடுதலாக விற்கலாம் என்ற கணக்கும் அங்கே எழாது. தட்டுப்பாட்டுக் காலத்தில் நீங்கள் கேட்ட விலையை அவர் முகம் சுளிக்காமல் கொடுத்ததும் இதே காரணத்தால்தான். ஏறும்போது உங்களுக்கு உதவிய அந்தக் குணம் இறங்கும்போது உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது.

அப்படியானால் விலை எங்கே போய் நிற்கும்? வாங்குவோர் கூடுதலாக வாங்கி மிகையைத் தீர்த்துவைக்க மாட்டார்கள் என்றால், தயாரிப்பவர்களில் யாரோ ஒருவர் தயாரிப்பதை நிறுத்தினால்தான் அது தீரும். அதாவது, நூறு பெட்டி வேண்டிய சந்தையில் நூற்றைந்து பெட்டி வந்தால், அந்த ஐந்தைத் தயாரிப்பவருக்கு இனி இந்த விலைக்குச் செய்தால் காகிதக் காசுகூடத் தேறாது என்று தோன்றும் இடம்வரை விலை இறங்கியே தீரும். ஆகவே இன்று சொல்லப்படும் 68 என்பது உங்கள் பெட்டியின் தரத்தைப் பற்றியோ வாங்குபவரின் வசதியைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. உங்களோடு போட்டியிடும் ஆலைகளில் மிகவும் நெருக்கடியில் இருப்பவர் எந்த விலைவரை இறங்கி ஓட்டத் துணிகிறார் என்பதைத்தான் சொல்கிறது. இந்தக் கோணத்தில் விலையைப் படிக்கப் பழகினால் பேரத்தின்போது பாதிப் பதற்றம் குறையும்.

மிகையான அந்த ஐந்து பெட்டி மற்ற நூறு பெட்டியின் விலையையும் இழுத்துக்கொண்டு போவது எப்படி என்பதை நீங்கள் தொலைபேசியில் அன்றாடம் கேட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள். வாங்கும் நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி பேசுகிறார். “நேற்று ஒருவர் 64க்குத் தருவதாகச் சொன்னார், நீங்கள் பழைய ஆள் என்பதால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன்” என்கிறார். அந்த ஒருவரிடம் இருப்பது ஒரு லாரிச் சரக்காக இருக்கலாம்; அடுத்த வாரம் சம்பளம் போடப் பணம் வேண்டும் என்பதற்காக அவர் சொன்ன விலையாக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு லாரிக்குச் சொல்லப்பட்ட விலை அன்று மாலைக்குள் ஐந்து ஆலைகளிடம் சொல்லப்பட்டு, ஐந்து பேரும் ஆர்டர் கைநழுவிவிடுமோ என்று தங்கள் விலையைக் குறைத்திருப்பார்கள். இத்தகைய அழைப்பு வரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எத்தனை பெட்டிக்கு, எத்தனை மாதத்துக்கு அந்த விலை? மூன்று மாதம் தொடர்ந்து தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று கேட்டால், பல சமயம் மறுமுனையில் பேச்சின் சுருதி இறங்கிவிடும்.

இனி, உங்கள் மற்ற கேள்விகளுக்கு விடை சொல்லுமுன் நீங்கள் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். என் பார்வையில் இந்தக் கடிதத்தின் மையமே அதுதான். சந்தையில் மிகையாக இருப்பது சரக்கா, இயந்திரமா? இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். இரண்டிலும் கிடங்கு நிறையும், விலை சரியும், வாங்குபவர் பிகு செய்வார். ஆனால் சரக்கு மிகை என்றால் சில மாதங்களில் அது கரைந்துவிடும், பொறுத்திருப்பவர் பிழைத்துக்கொள்வார். இயந்திரம் மிகை என்றால், கிடங்கிலுள்ள சரக்கு தீர்ந்தாலும் அடுத்த மாதமே அதை மறுபடி நிரப்பும் வல்லமை தொழிலில் இருந்துகொண்டே இருக்கும். அங்கே பொறுத்திருப்பவர் வட்டி கட்டிக்கொண்டு பொறுத்திருக்கிறார் என்பதுதான் மிச்சம்.

தட்டுப்பாடு முடிந்த பிறகு வரும் தேக்கத்தில் ஓரளவு எப்போதும் வெறும் சரக்கு மிகையாக இருக்கும். சரக்கு கிடைக்காத காலத்தில் வாங்குவோர் ஒரே தேவைக்கு இரண்டு மூன்று இடத்தில் ஆர்டர் கொடுத்துவைப்பார்கள், யாரிடமிருந்தாவது வரட்டும் என்று. தயாரிப்பவர் அதை உண்மையான தேவை என்று எண்ணி விரிவாக்கம் செய்வார். தட்டுப்பாடு நீங்கியதும் அந்த நிழல் ஆர்டர்கள் ஒரே வாரத்தில் மறைந்துவிடும். பெரிய நிறுவனங்களும் இதற்குத் தப்பவில்லை: கணினி வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம், 2001இல் ஆர்டர்கள் திடீரென வற்றியபோது, விற்க வழியில்லாமல்போன சரக்குக்காக 200 கோடி டாலருக்கு மேல் தன் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. ஆறு வாரம் காத்திருக்கச் சொல்லப்பட்ட உங்கள் வாடிக்கையாளர்களும் அப்படித்தான் வாங்கிக் குவித்திருப்பார்கள்.

இதைக் கண்டறிய நேரடியான வழி இருக்கிறது. உங்கள் விற்பனையில் பெரும் பங்கு வகிக்கும் ஐந்தாறு வாடிக்கையாளர்களிடம் போய், மாதம் எத்தனை பொருள் பெட்டியில் அடைத்து வெளியே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். அதே மாதத்தில் எல்லாரிடமிருந்தும் சேர்த்து எத்தனை பெட்டி வாங்கினார்கள் என்றும் கேளுங்கள். அனுப்புவது 10,000, வாங்குவது 7,000 என்றால், மிச்சம் 3,000 பெட்டியைத் தங்கள் பழைய இருப்பிலிருந்து எடுக்கிறார்கள் என்று பொருள். அந்த இருப்பு தீர்ந்ததும் ஆர்டர் தானாகத் திரும்பும். அவர்களின் கிடங்கை ஒருமுறை கண்ணால் பார்த்தால் அது எத்தனை மாதத்தில் தீரும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். அனுப்புவதும் வாங்குவதும் சமமாக இருந்து, அப்போதும் விலை 68இலேயே கிடக்கிறது என்றால், நீங்களும் மற்ற நான்கைந்து பேரும் மூன்றாண்டுக்கு முன் நிறுவிய இயந்திரங்கள்தாம் காரணம்.

நீங்கள் எழுதியிருப்பதைக் கொண்டு பார்த்தால் உங்கள் தொழிலில் இப்போது இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன். எல்லாரும் ஒரே விலையைப் பார்த்து ஒரே சமயத்தில் முடிவெடுத்தார்கள். அந்த முடிவின் பலன் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ கழித்து ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்து சேர்ந்தது. 1920களின் இறுதியில் ஜெர்மனியில் ஆர்தர் ஹனாவ் பன்றி வளர்ப்புச் சந்தையை ஆராய்ந்து, விலை ஏறுவதும் இறங்குவதும் முறைவைத்துத் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார். இன்றைய விலையைப் பார்த்து இன்று முடிவெடுத்து, சரக்கை நாளை மறுநாள் சந்தைக்குக் கொண்டுவரும் எந்தத் தொழிலிலும் இது நேரும். நிக்கோலஸ் கால்டர் 1934இல் இதற்குச் சிலந்திவலைக் கோட்பாடு என்று பெயரிட்டார். வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் கோடுகள் வலை பின்னுவதுபோலச் சுற்றிச் சுற்றி வரும். ஆலைத் தொழில்களில் சுற்று இன்னும் நீளம். சூரிய மின்தகடுகளுக்கான பாலிசிலிக்கான் 2008இல் கிலோவுக்கு 400 டாலருக்கு மேல் போனது. அந்த விலையை நம்பி எழுந்த ஆலைகளெல்லாம் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, 2012இன் இறுதியில் 20 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. சூரிய மின்சாரத்துக்கான தேவை அந்த நான்காண்டில் வளர்ந்துகொண்டேதான் இருந்தது என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். தேவை வளர்வது மட்டும் விலையைக் காப்பாற்றாது. ஆலைகள் அதைவிட வேகமாக வளர்ந்துவிட்டால் விலை விழும்.

இப்போது கிடங்குச் சரக்குக்கு வருவோம். வைத்திருப்பதற்கு ஆகும் செலவைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. சரக்கு நம் சொந்தக் கிடங்கில்தானே இருக்கிறது, சோறா கேட்கிறது என்று நினைக்கிறார்கள். உங்கள் எண்களை வைத்தே பார்க்கலாம். இன்று 68க்கு விற்றால் கையில் வரும் பணம் உங்கள் கடனைக் குறைக்கும்; மாதம் 1 சதவீத வட்டி என்று கொண்டால் ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 4. இடத்துக்கும் காவலுக்கும் ஏற்றி இறக்குவதற்கும் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 75. அட்டைப்பெட்டி ஈரம் குடிக்கும் பண்டம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடியில் கிடக்கும் கட்டுகளில் மேல்பாரம் அழுந்தி நெளிவு நசுங்கிப்போகும், மழைக்காலக் காற்றில் தாளின் விறைப்பு இறங்கும். ஆறு மாதத்தில் நூற்றுக்கு நான்கு பெட்டி வீணானாலும், மற்ற பெட்டிகள் 78க்கு விற்றால்தான் இன்று 68க்கு விற்றதற்கு ஈடாகும். ஆகவே கேள்வியை இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்த ஆறு மாதத்துக்குள் விலை 78ஐத் தாண்டும் என்று உங்கள் சொந்தப் பணத்தைப் பந்தயம் கட்டுவீர்களா? மேலே சொன்ன விசாரிப்பில் இது வெறும் சரக்கு மிகைதான் என்று தெரியவந்தால், கட்டலாம். இயந்திர மிகை என்றால், கூடாது.

விலை ஏறும்வரை சரக்கை வைத்திருக்கலாம் என்று நம்பிய அரசுகளே தோற்றிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் கம்பளிக்குக் குறைந்தபட்ச விலை ஒன்றை நிர்ணயித்து, அதற்கும் கீழே போனால் வாரியமே வாங்கிக் கிடங்கில் வைக்கும் திட்டம் பல ஆண்டுகள் நடந்தது. உயர்த்திவைக்கப்பட்ட அந்த விலை ஆடு வளர்ப்பவர்களை மேலும் ஆடு வளர்க்கத் தூண்டியது. வாங்குவோர் வேறு இழைகளுக்குப் போனார்கள். 1991 பிப்ரவரியில் திட்டத்தைக் கைவிட்டபோது 47 லட்சம் பொதிகளுக்குக் குறையாத கம்பளி கிடங்குகளில் இருந்தது. அதை விற்றுத் தீர்க்கப் பத்தாண்டு ஆயிற்று. அந்தப் பத்தாண்டும் விலை தலைதூக்க முயலும்போதெல்லாம் அந்தக் கிடங்கு வாங்குபவர்களின் நினைவில் இருந்தது. பிரேசில் இன்னும் கடுமையான வழியைத் தேர்ந்துகொண்டது: 1931க்கும் 1944க்கும் இடையில் அந்நாடு அழித்த காப்பிக்கொட்டை, 60 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் 7 கோடி 80 லட்சம் மூட்டைக்கு அருகே வரும். பிரேசில் தன் மூட்டைகளை எரித்துக் காத்த விலையின் நிழலில் மற்ற நாடுகளின் தோட்டங்கள் விரிந்தன. ஒருவர் தியாகம் செய்து விலையைத் தாங்கிப்பிடித்தால் அதன் பலனை அவருடைய போட்டியாளர் அறுவடை செய்துகொள்வார் என்பதை, உற்பத்தியைத் தனியாகக் குறைத்து விலையைத் தூக்கிவிடலாம் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றினால் நினைவில் கொள்ளுங்கள். மற்ற ஆலைக்காரர்களோடு பேசிவைத்துக்கொண்டு எல்லாருமாகக் குறைக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதற்குத் தலையாட்ட வேண்டாம். பெரும்பாலான நாடுகளின் போட்டிச் சட்டத்தில் அது குற்றம் என்பது ஒருபுறம், முதலில் ஒப்புக்கொண்டவரே முதலில் மீறுவார் என்பது இன்னொருபுறம்.

கிடங்கு முழுவதும் நிறைவதற்கு முன்பே விற்கத் தொடங்குங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இடம் இருக்கும்வரை பேரம் சரக்கின் மதிப்பைப் பற்றியது. இடம் தீர்ந்துவிட்டால் பேரம் இடத்தைப் பற்றியதாகிவிடும். 2020 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு பூஜ்ஜியத்துக்கும் கீழே, கழித்தல் 37.63 டாலரில் முடிந்தது. பெருந்தொற்றால் தேவை வீழ்ந்திருந்த சமயம் அது. ஒப்பந்தம் மறுநாள் காலாவதியாகிறது, எண்ணெயைப் பெற்றுக்கொள்ள வேண்டிய குஷிங் நகரத்துத் தொட்டிகளில் வாடகைக்கு இடமில்லை. ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தவர்கள், எண்ணெயையும் கொடுத்துக் கூடவே பணத்தையும் கொடுத்துக் கைகழுவினார்கள். எண்ணெய் அன்றும் எரியக்கூடிய எண்ணெய்தான். வைக்க இடமில்லாததால்தான் அதற்கு அந்த விலை. உங்கள் கிடங்கு வாசல்வரை நிரம்பியிருப்பதைச் சரக்கெடுக்க வரும் லாரி ஓட்டுநர் பார்த்தாலே போதும், அந்தச் செய்தி வாங்குபவரைப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆறு வாரச் சரக்கில் எதை முதலில் விற்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளரின் பெயரும் சின்னமும் அச்சிட்ட பெட்டிகள் உங்களிடம் இருந்தால், முதல் வேலையாக அவற்றை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர்களிடம் பேசுங்கள், விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது. சில ஆண்டுகளுக்கு முன் நான் கணக்குப் பார்க்கப் போன ஓர் ஆலையில், ஒரே வாடிக்கையாளருக்காக முன்கூட்டியே அச்சிட்டு வைத்திருந்த பெட்டிகள் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. அந்த வாடிக்கையாளர் தன் சின்னத்தை மாற்றிக்கொண்டார். அந்தப் பெட்டிகள் எடைக்குப் போயின. அச்சிடாத, வழக்கமான அளவுப் பெட்டிகளை யாருக்கும் விற்கலாம் என்பதால், வைத்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்தால் அவற்றை மட்டும் வைத்திருங்கள்.

இயந்திரத்தை நிறுத்துவது பற்றி. உங்கள் கடிதத்தின் இணைப்பில் ஒரு பெட்டியின் அடக்கவிலை 84 என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் 16 நட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். வரவுசெலவுக் கணக்குக்கு அது சரி; ஓட்டுவதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க அந்த 84 உதவாது. உங்கள் கணக்கையே பிரித்துப் பார்த்தால், காகிதம், பசை, மை, மின்சாரம், வண்டிக்கூலி சேர்ந்து 58. தொழிலாளர் கூலி 8. கடன் வட்டியும் இட வாடகையும் 18. கடைசியிலுள்ள 18, இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாசலில் வந்து நிற்கும். ஆகவே 68க்கு ஒரு பெட்டி விற்றால் காகிதக் காசும் கூலியும் போக 2 மிஞ்சி அந்த 18இல் போய்ச் சேர்கிறது; நிறுத்திவிட்டால் அந்த 2ம் இல்லை. விலை 66க்கு மேல் இருக்கும்வரை ஓட்டலாம். 66க்கும் 58க்கும் இடையில் விழுந்தால் பயிற்சி பெற்ற ஆட்களை இழக்க விருப்பமா என்பதைப் பொறுத்து ஒரு ஷிப்டைக் குறைப்பது பற்றி யோசிக்கலாம். ஆட்களை அனுப்பிவிட்டுத் திரும்பத் தேடுவதும் பழக்குவதும் செலவுதான் என்பதை மறக்க வேண்டாம். 58க்கும் கீழே போனால் அன்றே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு ஓட்டுவது காகிதத்தைக் கூலி கொடுத்து நட்டத்துக்கு விற்பதாகும்.

இதில் இரண்டு திருத்தங்கள். முதலாவது, அந்த 58 ஓரிடத்தில் நிற்காது. பெட்டி விற்காதபோது காகித ஆலைகளிலும் சரக்கு தேங்கும், காகித விலையும் இறங்கும். ஆகவே கணக்கை மாதம் ஒருமுறை புதிதாகப் போடுங்கள். போடும்போது, கையிருப்பிலுள்ள காகிதத்தை நீங்கள் வாங்கிய விலையில் போடாமல், இன்று அதே காகிதத்தை வாங்கினால் என்ன விலையோ அதில் போடுங்கள். வாங்கிய விலையில் போட்டால் மலிவாகக் காகிதம் வாங்கும் போட்டியாளருக்கு ஆர்டரை விட்டுக்கொடுத்துவிட்டு, விலையுயர்ந்த காகிதத்தைக் கட்டிக்காத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவது, ஒரு பெட்டிக்கு 2 மிஞ்சுவது ஓட்டுவதற்குப் போதும், கடன் தவணை கட்டப் போதாது. தவணை தவறிய பிறகு வங்கிக்குப் போகிறவரைவிட, தவறுவதற்கு மூன்று மாதம் முன்பு மேற்சொன்ன கணக்கை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு வங்கியில் மரியாதை அதிகம். அசலைச் சிறிது காலம் தள்ளிவைத்து வட்டியை மட்டும் கட்ட அனுமதி கேளுங்கள். கிடங்குச் சரக்கை விற்று வரும் பணத்தில் புதிய காகிதம் வாங்கிக் குவிக்காமல் கடனைக் குறைப்பீர்கள் என்பதை எழுத்தில் காட்டினால் பேச்சு எளிதாகும்.

கடைசியாக, மூடப்படும் ஆலையின் இயந்திரம். ஓர் ஆலை மூடப்பட்டால் மிகை அந்த அளவுக்குக் குறைந்துவிடும் என்று பொதுவாக நினைப்பதுண்டு. ஆலையின் உரிமையாளர் தொழிலை விட்டுப் போவார், இயந்திரம் போகாது. பாதி விலைக்கு அதை வாங்குகிறவருக்குக் கடன் சுமை குறைவு, அதனால் பழைய உரிமையாளர் தாக்குப்பிடிக்க முடியாத விலையிலும் அவரால் தாக்குப்பிடிக்க முடியும். இயந்திர மிகை ஆண்டுக்கணக்கில் நீடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். அந்த இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரர் வாங்கிப் போனால் உங்களுக்கு நல்லது. உங்கள் போட்டியாளர் வாங்கினால் நல்லதன்று. நீங்கள் வாங்கி மூன்றாவது இயந்திரமாக ஓட்டினால், விலையை 68இலிருந்து மேலும் கீழே தள்ளும் வேலையை நீங்களே செய்கிறீர்கள். விலை மலிவு என்பது மட்டும் வாங்குவதற்குக் காரணம் ஆகாது. எல்லாரிடமும் மிகையாக இருக்கும் ஒன்று மலிவாகத்தான் கிடைக்கும்.

வாங்கத்தக்க நிலைமை ஒன்று உண்டு. உங்கள் முதல் இயந்திரம் பழையது என்று எழுதியிருக்கிறீர்கள். வரும் இயந்திரம் அதைவிடக் குறைந்த கழிவிலும் குறைந்த மின்சாரத்திலும் பெட்டி தருமானால், அதை நிறுவிவிட்டுப் பழையதை இரும்புக்குப் போட்டுவிடலாம்; உங்கள் மொத்த உற்பத்தி கூடாது, ஆனால் அந்த 58 இறங்கும், விலை சரியும் வரிசையில் நிறுத்தப்படும் முதல் ஆளாக நீங்கள் இருக்க மாட்டீர்கள். அதை வாய்ப்பேச்சில் நம்பாமல், அந்த ஆலைக்காரரிடம் அனுமதி கேட்டு, நீங்கள் வழக்கமாக வாங்கும் காகிதச் சுருளில் ஒரு டன்னை அங்கே கொண்டுபோய் ஒரு முழு ஷிப்ட் ஓட்டிப் பாருங்கள். எத்தனை பெட்டி விழுந்தது, வெட்டுக்கழிவு எத்தனை கிலோ, மின்மானி எவ்வளவு நகர்ந்தது என்று குறித்துக்கொண்டு, மறுநாள் உங்கள் பழைய இயந்திரத்தில் அதே காகிதத்தை அதே அளவு பெட்டிக்கு ஓட்டுங்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது 58 என்பது 55 ஆகவாவது இறங்கவில்லை என்றால், இயந்திரம் கால் விலைக்கு வந்தாலும் விட்டுவிடுங்கள்.